வீக்கம் மட்டும் இறங்கினால் போதும்

1. சிமென்ட் தொட்டி

பிசியோதெரபி டிப்ளமா முடித்துவிட்டுத் தங்கச் சுரங்க ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் என் கையில் கொடுக்கப்பட்ட கருவி ஒரு தையல் டேப். கணுக்கால் வீங்கி வருகிறவர்களின் பாதத்தை அந்த டேப்பால் எட்டு வடிவத்தில் சுற்றி அளக்க வேண்டும். அடிபட்ட கால், நல்ல கால் இரண்டையும் அளந்து வித்தியாசத்தை எழுதி டாக்டரிடம் அனுப்ப வேண்டும். அதையும் பார்த்து, காலையும் பார்த்து, ஆளை ஷிஃப்ட்டுக்கு அனுப்பலாமா என்று அவர் முடிவு செய்வார்.

முதல் வாரத்திலேயே முனுசாமி என்ற டிம்பர்மேன் என்னை ஏமாற்றினார். டிம்பர்மேன் என்றால் சுரங்கத்துக்குள் பாறை சரியாமல் மரத்தால் முட்டுக் கொடுப்பவர். திங்கட்கிழமை யானைக்காலாக இருந்த பாதம் வியாழக்கிழமை அளந்தபோது நல்ல காலுக்குச் சமமாக இருந்தது. என் கைராசியை நானே மெச்சிக்கொண்டேன். அவர் வெளியே போனபோதுதான் வராந்தா முழுக்க ஈரத் தடம் தெரிந்தது. பின்கட்டில் துணி துவைக்கும் சிமென்ட் தொட்டியில் ஒரு மணி நேரம் காலை முக்கி வைத்திருந்திருக்கிறார். அதற்கு முன் ராத்திரி முழுக்கப் பழைய வேட்டியைக் கிழித்து இறுகக் கட்டிக்கொண்டு, காலைச் சுவரில் தூக்கி வைத்துப் படுத்திருக்கிறார். மறுநாள் வீக்கம் இரட்டிப்பாகித் திரும்பி வந்தார்.

"ஏன்யா இப்படிப் பண்ணீங்க?" என்று கேட்டேன்.

"இன்னா சார் பண்றது? லைட் டூட்டின்னு மேலயே நிறுத்திட்டா, கேங்க்ல இருக்கறவன்லாம் பொடவ கட்டிக்கினு வாடான்றான். கேஜ்ல ஏறிச் சொரங்கத்துக்குள்ள எறங்கிட்டா ஒருத்தனும் கால பாக்க மாட்டான் சார், இருட்டு."

அதன் பிறகு நான் உஷாரானேன். பாதம் சில்லென்று இருக்கிறதா, தோலில் துணியின் நெசவுத் தடம் பதிந்திருக்கிறதா என்று முதலில் பார்ப்பேன். சந்தேகம் வந்தால் பெஞ்சில் அரை மணி நேரம் காலைத் தொங்கப் போட்டு உட்கார வைத்துவிட்டு அளப்பேன். பல வருஷங்களில் எத்தனையோ பேரை அப்படிப் பிடித்திருக்கிறேன். அதில் எனக்குப் பெருமையும் இருந்தது.

அந்த ஏமாற்று வித்தையை, அதன் ஒவ்வொரு படியையும், வயதான காலத்தில் நானே ஒரு பெண்ணுக்குச் சொல்லிக் கொடுத்தேன். அதைத்தான் இங்கே எழுதப் போகிறேன். அவள் பெயரை மாற்றித் தேன்மொழி என்று வைத்திருக்கிறேன். மற்றவர்களின் பெயர்களும் மாற்றியவைதான்.

2. தேன்மொழி வந்தாள்

சுரங்கம் மூடிய பிறகு ஆண்டர்சன்பேட்டையில் ஒரு சின்ன கிளினிக் வைத்தேன். ஒரு அறை, இரண்டு கட்டில், வலிக்கு ஒலி அலையால் சூடு கொடுக்கும் ஒரு அல்ட்ராசவுண்ட் மெஷின், மெழுகு ஒத்தடத்துக்கு ஒரு தொட்டி. வருகிறவர்கள் எல்லாரும் பென்ஷன்காரர்கள். முட்டி வலி, சர்க்கரையால் இறுகிய தோள், பக்கவாதம் வந்த கை. நல்ல மனிதர்கள். ஆனால் யாருக்கும் அவசரம் இருக்காது. "இன்னிக்கு வலி எப்படி?" என்றால் "கீது சார்" என்பார்கள். நாளைக்கும் அதேதான். எழுபதை நெருங்கிக்கொண்டிருந்த எனக்கு அந்த 'கீது சார்' பைத்தியம் பிடிக்கவைத்தது. உட்கார்ந்த இடத்தில் உட்கார முடியாது. நோயாளி கட்டிலில் இருக்கும்போதே வாசலுக்குப் போய் ரோட்டைப் பார்த்துவிட்டு வருவேன்.

இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு திங்கட்கிழமை மாலை, தேன்மொழி அம்மா சரோஜாவோடு வந்தாள். சாம்பியன் ரீப்ஸில் சுரங்கத் தொழிலாளர் லைன் வீட்டில் இருக்கிறவர்கள். சரோஜா பெங்களூரில் ஒரு தையல் ஃபேக்டரிக்குப் போய் வருகிறவர். தேன்மொழிக்கு இருபத்தைந்து வயது. பெங்களூரில் ஒரு பரதநாட்டியக் குழுவில் ஆறு வருஷமாக ஆடிக்கொண்டிருந்தாள். தினமும் ரயிலில் போய் ரயிலில் வருவாள். ஆறு வருஷமும் பின் வரிசை. அந்த மாதம்தான் ஒரு புது நாட்டிய நாடகத்தில் முக்கிய வேஷம் கொடுத்திருந்தார்கள்.

வலது பாதத்தின் மேல் பக்கம் பூரி போல உப்பியிருந்தது.

"மூணு வாரமா நொண்டிக்கினு கீது சார்," என்றார் சரோஜா. "சொன்னா கேக்குதா? ஆபீஸ் போறவ ஒரு நாள் லீவு போட்டா நாற்காலி அங்கதான் இருக்கும். இவ ஒரு நாள் லீவு போட்டா எடம் போயிடுமாம்."

"போயிடும்மா. எனக்கு பதிலா ஆடறதுக்கு ஒருத்திக்கு சொல்லிக் குடுத்து ரெடியா வெச்சிருக்காங்க," என்றாள் தேன்மொழி. பிறகு என் பக்கம் திரும்பினாள். "அங்கிள், அடுத்த செவ்வாக்கெழம எங்க குழுவோட பிசியோ எல்லாருக்கும் ஃபிட்னஸ் பாப்பாங்க. கால் வீங்கியிருந்தா மேடை ஏத்த மாட்டாங்க. எனக்கு வீக்கம் மட்டும் எறங்குனா போதும். வலிய நான் பாத்துக்கறேன்."

"வலிய நீ எப்படிம்மா பாத்துக்குவ?"

"பல்லக் கடிச்சுக்குவேன். பல்லு எனக்கு ஸ்ட்ராங்கு."

நான் சிரித்துவிட்டேன். சிரித்ததுதான் முதல் தப்பு. மூன்று வாரமாக வலி, ஆடும்போது அதிகமாகிறது, ஓய்வில் குறைகிறது, எங்கேயும் விழவில்லை, மடங்கவில்லை. ஒரு பிசியோதெரபிஸ்டுக்கு இவ்வளவே போதும். விழாமல், மடங்காமல் வீங்குகிற காலில் முதலில் தேட வேண்டியது எலும்பை. ஆட்டக்காரர்கள் வெறுங்காலால் சிமென்ட் தரையில் ஆயிரக்கணக்கான முறை தட்டுகிறார்கள். ஒரே இடத்தில் விழும் அடியால் எலும்பில் மயிரிழை போலக் கீறல் விடும். எக்ஸ்ரேயில் முதலில் தெரியவே தெரியாது. இதெல்லாம் எனக்குத் தெரியும்.

ஆனால் அன்று என் மனம் வேறு எங்கோ இருந்தது. ஒரு ஆட்டக்காரியின் கால் என் கட்டிலில் இருக்கிறது. எட்டு நாள் கெடு. பெங்களூர் பிசியோ முன்னால் போய் நிற்கப்போகிற கால். எனக்கு உடம்பெல்லாம் சுறுசுறுப்பாகிவிட்டது. "எறக்கிடலாம்மா," என்றேன்.

அளந்தேன். நல்ல காலைவிட ஒன்றரை சென்டிமீட்டர் அதிகம்.

3. மூன்றாம் நாள்

ஐஸ் பக்கெட், காலை உயரத்தில் வைத்தல், விரலிலிருந்து முழங்கால் நோக்கித் தள்ளித் தேய்த்தல், க்ரேப் பேண்டேஜ். இவற்றைச் செய்தால் எந்த வீக்கமும் ஓரளவு இறங்கும். ஏன் வந்தது என்று தெரியாமலே இறக்கிவிடலாம். என் தொழிலின் ஆபத்தே அதுதான்.

புதன்கிழமை அல்ட்ராசவுண்ட் வைக்க முடிவு செய்தேன். ஜெல் தடவி, மெஷினின் தலையான புரோப்பைக் கணுக்காலின் பக்கவாட்டிலிருந்து மெதுவாக நகர்த்திக்கொண்டு வந்தேன். தேன்மொழி புது நாடகத்தில் தன் கட்டம் எது என்று கையால் காட்டிச் சொல்லிக்கொண்டிருந்தாள். கடைசியில் வேகமாகக் குதித்து மெட்டடவு வரும் என்றாள். முன்பாதத்தில் குதித்து நின்று குதிகாலைத் தரையில் தட்டுவது. அதை முப்பத்திரண்டு முறை, நடுவில் மூச்சு வாங்காமல்.

புரோப் பாதத்தின் மேல்வளைவின் உச்சிக்கு வந்தது. அங்கே நேவிகுலர் என்ற சின்ன எலும்பு இருக்கிறது. உடம்பின் பாரம் பாதத்துக்குள் இறங்குகிற வழியில், வளைவின் உச்சிக்கல் போல உட்கார்ந்திருக்கும். ரத்த ஓட்டம் குறைவு. உடைந்தால் சேர்வது கஷ்டம்.

தேன்மொழி "ஸ்ஸ்" என்று காலை வெடுக்கென்று இழுத்தாள். முகம் வெளுத்துவிட்டது.

எலும்பில் கீறல் இருந்தால் அந்த இடத்தில் புரோப் பட்டதும் இப்படித்தான் சுரீர் என்று வலிக்கும். படிக்கிற காலத்திலேயே எங்களுக்குச் சொல்லித் தந்த அடையாளம். நான் கட்டைவிரலை அதே இடத்தில், ஒரு ரூபாய் நாணயம் அளவுள்ள இடத்தில், லேசாக வைத்தேன். அவள் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

அந்த நொடி எனக்குத் தெரிந்துவிட்டது. சந்தேகம் என்று எழுதித் தப்பித்துக்கொள்ளலாம். அப்படி எழுத மாட்டேன். தெரிந்துவிட்டது.

"இன்னா அங்கிள் ஆச்சு?" என்றாள்.

"ஒண்ணுமில்லம்மா. மெஷின்ல சூடு ஜாஸ்தி ஆயிடுச்சு," என்றேன்.

அளவைக் குறைத்து, அந்த இடத்தை விட்டுவிட்டு மற்ற இடங்களில் புரோப்பை ஓட்டினேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? இரண்டு வருஷமாக இதை என்னையே கேட்டுக்கொண்டு நடந்திருக்கிறேன். எனக்குக் கிடைத்த பதில் அழகானது இல்லை. முதல் நாளே "எறக்கிடலாம்மா" என்று சொல்லிவிட்டேன். இப்போது ஸ்கேன் எடு, ஆறு வாரம் காலை ஊன்றாதே என்று சொன்னால், அவள் பெங்களூரில் வேறு யாரிடமாவது போய்விடுவாள். நான் மறுபடி 'கீது சார்' கேட்டுக்கொண்டு உட்கார வேண்டும். அதுவும் இல்லாமல், முந்தின நாள் அவள், "எங்க குழுவுல உங்களப் பத்தி சொல்லிட்டேன் அங்கிள். எங்க ஊர்ல ஒருத்தர் இருக்காரு, கைவெச்சா போதும்னு," என்று சொல்லியிருந்தாள். அந்தக் குழு என்னைக் கூப்பிடும், கௌரவமாக ஒரு வேலை வரும் என்று ஒரு நப்பாசை. அதற்காக.

அவள் மெடிக்கல் ஷாப்பில் வலி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்வதும் எனக்குத் தெரியும். அதையும் கேட்கவில்லை.

4. காலுக்கு ஒரு சீட்டு

சனிக்கிழமைக்குள் வித்தியாசம் ஒரு சென்டிமீட்டருக்கு வந்தது. அதற்குக் கீழே இறங்க மறுத்தது. காலை ரயிலில் இரண்டரை மணி நேரம் நின்றுகொண்டு போனால் பெங்களூர் போய்ச் சேர்வதற்குள் மறுபடி ஏறிவிடும். அதனால் திங்கட்கிழமை மாலை அவளை உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். ராத்திரி முழுக்கக் கட்டு, தலையணை இரண்டு வைத்துக் கால் மேலே. கட்டை அவிழ்த்ததும் தோலில் தடம் தெரியாமல் இருக்கத் தேங்காய் எண்ணெய் தேய்ப்பது. அளப்பதற்கு முன் ஒரு மணி நேரம் ஐஸ் தண்ணீர். அதன் பிறகு சில்லிப்பு போக டவலால் துடைத்து பத்து நிமிஷம் சூடு காட்டுவது. ஒற்றைக் காலில் குதிக்கச் சொன்னால் முன்பாதத்தில் விழாமல் இடுப்பை மடக்கி வெளி ஓரத்தில் விழுவது. முனுசாமி காலத்து ஆட்கள் செய்யாத ஒன்றிரண்டு திருத்தங்களையும் சேர்த்தேன். அவர்களை நான் எப்படிப் பிடித்தேன் என்று எனக்குத்தானே தெரியும்.

"சூப்பர் அங்கிள்," என்றாள். "நீங்க போலீஸா திருடனா?"

செவ்வாய்க்கிழமை நானும் கூடப் போனேன். கையில் ஐஸ் போட்ட ஃபிளாஸ்க். ரயிலில் அவளுக்கு ஜன்னலோரம் ஒரு இடம் பிடித்து, எதிர் சீட்டில் காலை நீட்ட வைத்தேன். அடுத்த ஸ்டேஷனில் கூட்டம் ஏறியது.

"இன்னா பெருசு, ஆளுக்கே சீட்டு இல்ல, காலுக்கு ஒரு சீட்டா?" என்றார் டிபன் பையோடு நின்ற ஒருவர்.

"டான்ஸ் ஆடற காலுப்பா. இன்னிக்கு டெஸ்ட்டு," என்றேன்.

"அப்படியா? நான் கூட தெனம் ஒத்தக் கால்லதான் நின்னுக்கினு போறேன். எனக்கு யாரு டெஸ்ட்டு வெக்கறது?"

பெட்டியே சிரித்தது. "சொல்ப அட்ஜஸ்ட் மாடி", கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணுங்கள், என்று ஒரு கன்னடக்கார அம்மாள் காலின் ஓரமாக ஒண்டி உட்கார்ந்துகொண்டார். பங்காரப்பேட்டை தாண்டுவதற்குள் அந்தப் பெட்டியில் எல்லாருக்கும் தேன்மொழியின் கதை தெரிந்துவிட்டது. "எங்க ஊரு பொண்ணு, ஜெயிச்சிக்கினு வாம்மா," என்று டிபன் பைக்காரர் இறங்கும்போது சொல்லிவிட்டுப் போனார். நான் ஃபிளாஸ்க்கை மடியில் வைத்துக்கொண்டு இடம் மாறி இடம் மாறி உட்கார்ந்தேன். ஒவ்வொரு ஸ்டேஷனிலும், இங்கே இறங்கித் திரும்பிவிடலாம் என்று தோன்றியது. ஒவ்வொரு ஸ்டேஷனும் போய்க்கொண்டே இருந்தது.

பெங்களூரில் இறங்கி, ஒரு மறைவில் காலுக்கு ஐஸ் தண்ணீரும் சூடும் காட்டி முடித்துவிட்டுக் குழுவின் ஹாலுக்குப் போனோம். குழுவின் பிசியோ பல்லவி என்ற பெண். முப்பது வயது இருக்கும். நன்றாகப் பழகினார். அவர் எட்டு வடிவத்தில் டேப்பைச் சுற்றியபோது என் கண் டேப்பைவிட்டு நகரவில்லை. வித்தியாசம் அரை சென்டிமீட்டர். குதிக்கச் சொன்னார். தேன்மொழி நான் சொன்ன மாதிரியே குதித்தாள். முகத்தில் ஒரு சிரிப்பு. ஆடுகிறவர்களுக்கு முகத்தைப் பழக்கச் சொல்லியா தர வேண்டும்?

பல்லவிக்கு ஏதோ உறுத்தியிருக்க வேண்டும். என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார். "சார், ஒரு வாரமா நீங்கதான் பாத்திருக்கீங்க. எலும்பு மேல ஏதாவது பெயின் பாயிண்ட் இருந்துச்சா? இருந்தா ஒரு ஸ்கேன் எடுத்துடலாம்."

"இல்லம்மா. சாதாரண சுளுக்கு. தசைநார்தான்," என்றேன்.

"நீங்க சீனியர். நீங்க சொன்னா எனக்கு டென்ஷன் இல்ல," என்று கையெழுத்துப் போட்டார்.

5. பதினோராம் நாள்

வியாழக்கிழமை மதியம் கிளினிக்கில் ஒருவருக்குத் தோளைச் சுழற்றிவிட்டுக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. சரோஜா.

"சார், ரிகர்சல்ல ஆடிக்கினு இருந்தவ அப்படியே ஒக்காந்துட்டாளாம் சார். 'டக்'னு சத்தம் வெளிய கேட்டுச்சாம். கால ஊன முடியலயாம். நீங்க வரீங்களா சார்? எனக்கு ஒண்ணும் புரியல."

குதித்து மெட்டடவின் பத்தொன்பதாவது குதிப்பு. பின்னால் அவளே சொன்னாள். எண்ணிக்கொண்டிருந்தாளாம்.

பெங்களூர் ஆஸ்பத்திரியில் சி.டி. ஸ்கேன் எடுத்தார்கள். நேவிகுலர் இரண்டு துண்டாகிப் பிரிந்திருந்தது. சர்ஜன் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுக் கட்டிலருகில் வந்தார். நானும் சரோஜாவும் நின்றுகொண்டிருந்தோம்.

"ஒடஞ்ச ஓரம் மழுங்கியிருக்கு. இன்னிக்கு ஒரே நாள்ல ஒடஞ்ச மாதிரி தெரியல. முன்னாடியே இந்த எடத்துல வலி இருந்துச்சாம்மா?"

தேன்மொழி என்னைப் பார்த்தாள். அரை விநாடிதான்.

"இல்ல டாக்டர். சும்மா வீக்கம்தான். அதுவும் சரியாயிடுச்சு."

அவள் என்னைக் காப்பாற்றுகிறாள் என்று அப்போது எனக்குப் புரிந்தது. அங்கேயே வாயைத் திறந்திருக்கலாம். நான் படுக்கையின் கால்மாட்டில் தொங்கிய துண்டைச் சரியாக மடித்துப் போட்டேன்.

இரண்டு ஸ்க்ரூ வைத்து ஆபரேஷன் செய்தார்கள். பல வாரம் காலை ஊன்றவில்லை. பிறகு ஊன்றுகோல், பிறகு வாக்கிங் ஷூ. எலும்பு முழுதாகச் சேரவில்லை. ஒரு வருஷம் கழித்தும் படி இறங்கினால் வலித்தது. முட்டியை மடக்கி அரைமண்டியில் பத்து நிமிஷம் நின்றால் பாதம் மறுபடி உப்பியது. குதிப்பது என்ற பேச்சே இல்லை. எலும்பு பலவீனமாக இருக்குமோ என்று ஏதேதோ ரத்தப் பரிசோதனை செய்தார்கள். எல்லாம் சரியாகவே இருந்தது. மேடையை மறந்துவிடச் சொன்னார் சர்ஜன். அந்த நாடகத்தில், குழு தயாராக வைத்திருந்த இன்னொரு பெண் ஆடினாள். இப்போதும் ஆடுகிறாள்.

6. மூன்று தடவை திரும்பியது

தேன்மொழி சாம்பியன் ரீப்ஸில் ஒரு சின்ன ஹாலை வாடகைக்கு எடுத்து, சாயங்காலம் பிள்ளைகளுக்கு நடனம் சொல்லிக் கொடுக்க ஆரம்பித்தாள். நாற்காலியில் உட்கார்ந்து தட்டுக்கழியால் தாளம் தட்டுவாள். செய்து காட்ட வேண்டிய இடத்தில் கையால் காட்டுவாள். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் என் வீட்டுக்குப் பலகாரம் கொண்டுவந்தாள். அதைத் தின்ன முடியாமல், வீட்டுக்குள்ளும் இருக்க முடியாமல், ராபர்ட்சன்பேட்டை மார்க்கெட் வரை நடந்து போய்விட்டு ஒன்றும் வாங்காமல் வருவேன்.

போன தீபாவளிக்கு வந்தபோது சொன்னாள்: "பல்லவி மேடத்த குழுவுலேர்ந்து எடுத்துட்டாங்களாம் அங்கிள். கால சரியா பாக்காம விட்டுட்டாங்கன்னு. நாம ரெண்டு பேரும் சேந்து ஏமாத்துனதுல பாவம் அவங்க வேலை போச்சு. என் தப்புதான். நான்தான் ஒங்கள நச்சரிச்சேன். நீங்க வேணாம்னு சொல்லியிருந்தாலும் நான் விட்டிருக்க மாட்டேன்."

அவள் நினைத்துக்கொண்டிருந்தது இதுதான்: இரண்டு பேரும் சேர்ந்து ஒரு வீக்கத்தை மறைத்தோம், கெட்ட நேரம், எலும்பு உடைந்துவிட்டது. எலும்பு ஏற்கெனவே கீறியிருந்தது எனக்குத் தெரியும் என்பது அவளுக்குத் தெரியாது. ஒரு வருஷத்துக்கு மேலாக என் பாவத்தைத் தன்னுடையதாகச் சுமந்துகொண்டு, எனக்கு முறுக்கும் கொண்டுவந்துகொண்டிருந்தாள்.

மறுநாள் அவள் ஹாலுக்குப் புறப்பட்டேன். பாதி வழியில் திரும்பினேன். அடுத்த நாள் ஹால் வாசல் வரை போனேன். உள்ளே தட்டுக்கழிச் சத்தம் கேட்டது. திரும்பினேன். மூன்றாவது தடவை ஜன்னல் வழியே அவளே பார்த்துவிட்டாள். அப்போதும் கையை ஆட்டிவிட்டு, ஏதோ வேலையாகப் போகிறவன் மாதிரி நடந்தேன். நான்காவது தடவை பிள்ளைகள் போகும் வரை வெளியே நின்றேன்.

"இன்னா அங்கிள், ரெண்டு நாளா வாசல்ல அளந்துக்கினு கீறீங்க? அட்மிஷனா?" என்று சிரித்தாள்.

"தேன்மொழி, மூணாம் நாளே எனக்குத் தெரியும்மா. எலும்புல கீறல் இருக்குன்னு."

"எந்த மூணாம் நாள்?"

"மெஷின் வெச்சப்ப நீ கால இழுத்தியே."

"சூடு ஜாஸ்தின்னு சொன்னீங்க."

"சூடு இல்ல."

தட்டுக்கழியை எடுத்துப் பலகை மேல் வைத்தாள். வைத்ததை மறுபடி நேராக வைத்தாள்.

"அன்னிக்கே சொல்லியிருந்தா இன்னா ஆயிருக்கும்?"

"ஆறு வாரம் ஊனாம கட்டு போட்டு வெச்சிருப்பாங்க. பெரும்பாலும் சேந்திருக்கும். ஆறு மாசத்துல ஆடியிருப்ப."

"ஆறு மாசம்," என்றாள். குரல் உயரவே இல்லை. "ஆறு வருஷம் பின் வரிசையில நின்னவ அங்கிள் நான். ஆறு மாசம் நின்னிருக்க மாட்டேனா?"

மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன்.

"வேணாம். நீங்க கேட்டா நான் இன்னாவது சொல்லணும். போங்க அங்கிள்."

7. மூன்று காகிதங்கள்

ஒரு வாரம் கழித்து அவளிடமிருந்து போனில் ஒரு நம்பர் மட்டும் வந்தது. கீழே ஒரு வரி: அவங்களுக்கும் சொல்லுங்க.

பல்லவியைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். முழுக்கக் கேட்டார். கடைசியில், "நான் உங்கள கேட்டேன் சார். எலும்பு மேல பெயின் பாயிண்ட் இருந்துச்சான்னு கேட்டேன்," என்றார்.

"கேட்டீங்கம்மா."

"அத மட்டும் எழுதிக் குடுங்க. நான் கேட்டேன்னு. எனக்கு வேற ஒண்ணும் வேணாம்."

அன்றே உட்கார்ந்து மூன்று காகிதம் எழுதினேன். ஒன்று குழுவுக்கு: அவர் கேட்டார், நான் தெரிந்தே பொய் சொன்னேன் என்று. இன்னொன்று சர்ஜனுக்கு: முதல் நாளிலிருந்து என்ன பார்த்தேன், என்ன மறைத்தேன் என்று தேதிவாரியாக. மூன்றாவது தேன்மொழிக்கு. அதில் மன்னிப்பு என்ற வார்த்தையே இல்லை. இதில் உன் தப்பு எதுவும் இல்லை, நீ கேட்டது வீக்கம் இறங்க வேண்டும் என்று, எலும்பைப் பார்க்க வேண்டியது என் வேலை என்று மட்டும் எழுதினேன். சரோஜா அதை வாங்கிக்கொண்டார். "குடுத்துடறேன் சார்," என்றவர், வழக்கமாகச் சொல்கிற "உள்ள வாங்க சார்" சொல்லவில்லை.

குழு என்ன செய்தது என்று எனக்குத் தெரியாது. சர்ஜன் இன்னொரு ஆபரேஷன் செய்து பார்க்கலாம், எலும்புத்துண்டு வைத்துச் சேர்க்கலாம் என்று சொல்லியிருப்பதாகச் சரோஜா மூலம் கேள்விப்பட்டேன். நடை வலியில்லாமல் ஆகலாம். குதிப்பதைப் பற்றி யாரும் வாக்குக் கொடுக்கவில்லை. ஆபரேஷனுக்குப் பின் பயிற்சி கொடுக்கப் போகிறவர் பல்லவி. அது தேன்மொழியே கேட்டு ஏற்பாடு செய்தது. என்னைக் கூப்பிடவில்லை. கூப்பிடக் கூடாது என்பதும் சரிதான்.

கிளினிக்கை மூடிவிட்டேன். மெஷினைக் கொடுப்பதற்கு முன் பழைய நோட்டுகளைப் புரட்டினேன். தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்ல நினைப்பது அதில் இருக்கிறது. உங்களிடம் ஆட்டக்காரர்கள் வருவார்கள், ஓட்டக்காரர்கள் வருவார்கள், நாளைக்கே எழுந்து நிற்க வேண்டும் என்பார்கள். வீக்கத்தை இறக்கச் சொல்வார்கள். அவர்கள் அப்படிக் கேட்பதில் தப்பில்லை. இறக்குவதற்கு முன் விரலை வைத்து எலும்பைத் தேடுங்கள். அவர்கள் காலை இழுத்தால், காலை இழுத்தார் என்று அன்றே எழுதுங்கள். எழுதிவிட்டால் மறைக்க முடியாது. அதற்காகவாவது எழுதுங்கள்.

தேன்மொழியின் பக்கத்தில், அந்தப் புதன்கிழமைக்கு நேராக, என் கையெழுத்தில் இருப்பது இவ்வளவுதான்: "வீக்கம் குறைகிறது. நல்ல முன்னேற்றம்."